பெயர்ப்பலகை மொழியைக் காக்குமா?

பின்லாந்து நாட்டின் மேலைக் கடற்கரையைக் கண்டு மீள்வோர் ஒரே செய்தியைத்தான் கொண்டு வருகின்றனர். "அங்கே ஊர்ப்பெயர்கள் இரண்டு மொழிகளில் எழுதப்பட்டுள்ளன. சிறுபான்மையோர் மொழிக்கு அரசு அத்துணைச் சிறப்புச் செய்கிறது. சட்டம் நன்றாக இருந்தால் மொழி தானே வாழும்." இவை கேட்பதற்கு இனிய சொற்கள். ஆயினும் இவற்றுள் முதலிரண்டு மட்டுமே மெய், மூன்றாவது பொய். அதுவும் தீங்கு பயக்கும் பொய். அதனை நம்புகிறவன், தன் மொழிக்குத் தான் ஆற்றவேண்டிய கடமையை அரசின் தோள்மேல் ஏற்றிவிட்டுக் கைகட்டி அமர்ந்துவிடுகிறான். பின்னொரு நாள் மொழி மெலிந்தால், சட்டத்தைக் குறை கூறிக் கண்ணீர் வடிக்கிறான்.

அக்கடற்கரை உண்மையில் கற்பிக்கும் பாடம் வேறு. சட்டம் மொழிக்கு வழி விடும். நடந்து செல்ல வேண்டியவர் பெற்றோரே. அவர்கள் நடக்க மறுத்தால், எத்துணை அகன்ற சாலையும் புல் முளைத்துப் போகும்.

பயணி காணும் காட்சி

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே கிடப்பது போத்னியா வளைகுடா. அதன் பின்லாந்துக் கரையில் நீண்டு கிடக்கும் வட்டாரத்தைச் சுவீடிய மொழியினர் ஓஸ்டர்போட்டன் என்றும், பின்னிய மொழியினர் போஹ்யன்மா என்றும் வழங்குவர். அங்கே ஏறக்குறையப் பாதிப் பேர் சுவீடிய மொழியைத் தாய்மொழியாக உடையவர். நாடு முழுமையும் நோக்கினால், அம்மொழியினர் நூற்றுக்கு ஐவரே. தொகை மூன்று இலட்சத்துக்கும் குறைவு. இவ்விரு மொழிகளும் உறவுடையன அல்ல. சுவீடிய மொழி செருமானிய இனத்தைச் சேர்ந்தது. பின்னிய மொழி உராலிய இனத்தைச் சேர்ந்தது. ஒன்றை அறிந்தவன் மற்றொன்றைக் கல்லாமல் ஒரு தொடரைத்தானும் விளங்கிக்கொள்ள இயலாது.

வட்டாரத்தின் தலைநகர் வாசா. 1606ஆம் ஆண்டு தோன்றிய அந்நகர் 1852ஆம் ஆண்டுத் தீயில் வெந்து அழிந்தது. பழைய துறைமுகம் தூர்ந்து கப்பலுக்கு உதவாததாகிவிட்டமையால், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்திலே புதிய நகரை எழுப்பினர். துறைமுகம் தூர்ந்ததற்குக் காரணம் விந்தையானது. பனியூழியில் பெரும் பனிப்பாறைகளின் சுமையால் அழுந்திக் கிடந்த நிலம், அச்சுமை நீங்கிய பின் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் உயர்ந்து வருகிறது. கடல் பின்வாங்குகிறது, ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் புதுநிலம் பிறக்கிறது. நகருக்கு அப்பால் உள்ள குவார்க்கன் தீவுக்கூட்டத்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றது இக்காரணம் பற்றியே. 1997இல் திறக்கப்பட்ட 1,045 மீட்டர் நீளமுடைய ரெப்லோட் பாலத்தின் வழியே பயணிகள் அத்தீவுகளுக்குச் செல்கின்றனர்.

செல்லும் வழியெங்கும் பெயர்கள் இரண்டிரண்டு. வாசா நகரில் நால்வரில் ஒருவர் அளவே சுவீடிய மொழியினர். எனவே பலகையில் பின்னியப் பெயர் மேலே நிற்கும். நகரைச் சூழ்ந்துள்ள ஊராட்சியில் மூன்றில் இருவர் சுவீடிய மொழியினர். அங்கே கோர்ஸ்ஹோல்ம் என்னும் சுவீடியப் பெயர் மேலேயும், முஸ்தசாரி என்னும் பின்னியப் பெயர் கீழேயும் நிற்கும். வடக்கே ஒரு நகருக்கு யாக்கோப்ஸ்டாட் என்றும் பியெத்தர்சாரி என்றும் இரண்டு பெயர்கள். முன்னது யாக்கோபின் நகர். பின்னது பீட்டரின் தீவு. ஒலியிலும் பொருளிலும் ஒட்டாத இருபெயரும் ஓரூரையே குறிக்கின்றன என்று அறியாத வெளியூரான் பேருந்துக்கால அட்டவணையின் முன் திகைத்து நிற்பான்.

பயணி இவற்றையெல்லாம் ஒளிப்படம் எடுத்துக்கொள்கிறான். பெரும்பாலோருடைய ஆராய்ச்சி அத்துடன் முற்றுப்பெறுகிறது.

சட்டம் காவலன் அன்று, கணக்கன்

பலகையில் எந்தப் பெயர் மேலே, எது கீழே என்பதை முடிவு செய்வது அன்பு அன்று, எண்ணிக்கை. 2004ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மொழிச்சட்டத்தின்படி, ஓர் ஊராட்சியில் சிறுபான்மை மொழியினர் நூற்றுக்கு எண்மராகவோ, தொகையில் 3,000 பேராகவோ இருந்தால் அது இருமொழி ஊராட்சி. தொகை 3,000க்குக் குறைந்து, விழுக்காடும் ஆறுக்குக் கீழே இறங்கினால், அது ஒருமொழி ஊராட்சியாகிவிடும். பத்தாண்டுக்கு ஒருமுறை அரசு இக்கணக்கைப் பார்த்து ஊர்களின் தகுதியை வரையறுக்கிறது.

இதன் பொருள் யாது? மக்கள் இருந்தால் பலகை இருக்கும். மக்கள் தேய்ந்தால் பலகையும் கழற்றப்படலாம். பலகை மக்களைக் காப்பதில்லை. மக்களே பலகையைக் காக்கின்றனர். சட்டத்தைக் காவலன் என்று நம்பியிருப்போர் அதன் கையில் இருப்பது வாள் அன்று, கணக்கேடு என்பதை உணர்தல் வேண்டும்.

வரலாறும் இதற்கே சான்று கூறும். 1809ஆம் ஆண்டு வரை பின்லாந்து சுவீடன் அரசின் ஒரு பகுதி. அதன்பின் 1917 வரை உருசியப் பேரரசுக்கு உட்பட்ட பெருங்கோமகவை நாடு. அக்காலத்தும் ஆட்சிமொழியாக நிலவியது சுவீடிய மொழியே. பெரும்பான்மையோரின் பின்னிய மொழிக்கு இருபதாண்டுக்குள் சம உரிமை வழங்க வேண்டும் என்று மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் 1863இல் ஆணை பிறப்பித்தார். விடுதலைக்குப் பின், 1919ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இரு மொழிகளையும் தேசிய மொழிகள் என்று அறிவித்தது. 1922இல் விரிவான மொழிச்சட்டமும் பிறந்தது. ஒரு சிறுபான்மை மொழி கனவிலும் காணவியலாத உரிமை!

அவ்வுரிமை இருந்தும் விளைந்தது என்ன? 1880இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினால்வராக இருந்த சுவீடிய மொழியினர் இன்று நூற்றுக்கு ஐவர். விழுக்காடு சரிந்ததற்குப் பின்னிய மொழியினர் விரைந்து பெருகியமையும் ஒரு காரணமே. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தலைத்தொகையும் குறைந்தது. பல்லாயிரவர் வேலை தேடிச் சுவீடனுக்குப் பெயர்ந்தனர். கலப்பு மணம் புரிந்தோர் பலர் பிள்ளைகளைப் பின்னிய மொழியினராகவே பதிந்தனர். சட்டம் தடுத்ததா? தடுக்கவில்லை, தடுக்க அதற்கு ஆற்றலும் இல்லை. மக்கள் விட்டுச் சென்ற இடத்தில் சட்டம் வெறும் தாளாகக் கிடந்தது.

ஒரு படிவமும் ஒரு தீர்மானமும்

அந்நாட்டில் குழந்தை பிறந்ததும் மக்கள் பதிவேட்டில் அதன் தாய்மொழியைப் பதிதல் வேண்டும். ஒரு மொழியை மட்டுமே பதியலாம். தாய் சுவீடிய மொழியினளாகவும் தந்தை பின்னிய மொழியினனாகவும் இருந்தாலும், "இரண்டும்" என்று எழுத இடமில்லை. அன்று இரவு இருவரும் அமர்ந்து முடிவு செய்தே ஆகவேண்டும். ஒரு மொழியின் எதிர்காலம் நாடாளுமன்றத்தில் முடிவாகிறது என்று எண்ணுவோர், அந்த அடுக்களை மேசையை நினைத்துப் பார்ப்பாராக!

1970களில் இத்தகைய கலப்புக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுள் சுவீடிய மொழியினராகப் பதியப்பெற்றோர் பாதிக்கும் குறைவு. பின்வந்த தலைமுறையில் நிலைமை மாறியது. பாதிக்கு மேற்பட்டோர் சிறிய மொழியினராகவே பதியப்பட்டனர். 1919இல் கிடைத்த உரிமை அப்போதும் இருந்தது; இப்போதும் இருக்கிறது. இடையே மாறியது பெற்றோரின் மனம். "பெரிய மொழியைப் பிள்ளை தெருவிலேயே கற்றுக்கொள்ளும், சிறிய மொழிக்கு வீடும் பள்ளியும் வேண்டும்" என்னும் உண்மையை அவர்கள் உணர்ந்தனர். இவ்வுணர்வை எந்த அமைச்சரும் ஆணையிட்டு உண்டாக்கவில்லை.

"ஆண்டவர் மொழி ஆதலின் வாழ்கிறது"

இங்கே சிலர் குறுக்கிட்டு, "சுவீடிய மொழி ஒருகாலத்து ஆளுநர் மொழி, செல்வர் மொழி. அதன் வாழ்வை எளியோர் மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது பொருந்தாது" என்பர். இக்கூற்றில் ஒரு பங்கு உண்மை உண்டு; அதனை மறைத்தல் அறமாகாது. அம்மொழிக்கு அரசவையும் பல்கலைக்கழகமும் முன்னமே வாய்த்திருந்தன. பின்லாந்தின் நாட்டுப்பண்ணே சுவீடிய மொழியில் எழுதப்பட்டது. அதனை 1846இல் இயற்றிய உரூனேபரி, 1804இல் யாக்கோப்ஸ்டாட்டில் பிறந்தவர்.

ஆயினும், பழம்பெருமை மொழியைக் காக்கும் என்றால், பதினான்கு ஐந்தாகத் தேய்ந்தது எவ்வாறு? மேலும், இக்கடற்கரையின் சுவீடிய மொழியினர் அரண்மனைவாசிகள் அல்லர். மீன் பிடித்தோர், கடல்நாய் வேட்டையாடியோர், சிறு நிலத்தை உழுதோர். வறுமை தாங்காது முன்பு அமெரிக்காவுக்கும் பின்பு சுவீடனுக்கும் கப்பலேறியவர்கள் அவர்களின் பிள்ளைகள்.

இன்னும் ஐயம் தீராதோர் அதே வளைகுடாவின் வடமுனையை நோக்குக. அங்கே சுவீடன் பக்கத்தில் தோர்னே ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கு வாழ்வோரின் மொழி பின்னிய மொழிக்கு நெருங்கிய உறவுடையது. 1888இல் சுவீடன் அரசு அவ்வூர்களின் பள்ளிச் செலவை ஏற்றுக்கொண்டது. ஆனால், சுவீடிய மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு. அதன்பின் பல்லாண்டுக் காலம், பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டனைக்கும் இழிவுக்கும் ஆளாயினர். அம்மொழி 2000ஆம் ஆண்டில்தான் மெயன்கியேலி என்னும் பெயரால் சிறுபான்மை மொழியாக ஏற்கப்பட்டது. இழைக்கப்பட்ட கொடுமைகளை ஆராய்ந்த உண்மை அறியும் ஆணையம் தன் அறிக்கையை 2023இல் அளித்தது. பட்டம் வந்தது, பேசும் பிள்ளைகள் அரியராய்ப் போயினர்.

ஒரே கடல்; இரு கரைகள். ஒரு கரையில் காப்பை வேண்டி நிற்கும் அதே சுவீடிய மொழி, மறு கரையில் மற்றொரு மொழியை நசுக்கிய ஆட்சிமொழி. ஆகவே, மொழிக்கு இயற்கையான உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஒரு கரையில் பள்ளி இருந்தது. மறு கரையில் பள்ளி பறிக்கப்பட்டது. வேறுபாட்டின் வேர் அங்கேதான் உள்ளது.

"ஒரே கூரையின்கீழ் இருமொழி"

அடுத்து வருவோர் நல்லெண்ணம் உடையவர்; ஆதலின் அவர்கள் வாதம் இன்னும் நுட்பமாக ஆராயத்தக்கது. "இரு மொழிப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்து இரண்டையும் கற்பித்தால் ஒற்றுமையும் வளரும், செலவும் குறையும் அன்றோ?" என்று அவர்கள் வினவுவர். பின்லாந்திலும் இவ்வினா பலகாலம் எழுந்தது, இன்னும் ஓயவில்லை.

அந்நாட்டின் ஏற்பாடு இது: இருமொழி ஊராட்சியில் சுவீடிய மொழிப் பள்ளி வேறு, பின்னிய மொழிப் பள்ளி வேறு. கல்வி நிருவாகக் குழுவும் மொழிக்கொன்றாக இருத்தல் வேண்டும். அன்றேல், ஒரே குழு இரு பிரிவாகப் பகுக்கப்படல் வேண்டும். ஒரு பள்ளியில் பயில்வோர் மற்ற மொழியைப் பாடமாகக் கற்பர். ஒரே கட்டடத்தில் இரு பள்ளிகள் இயங்கும் ஊர்களும் உண்டு. ஆனால், ஆசிரியர் அறையில் பேசுவது எம்மொழி, வாழ்த்துப் பாடுவது எம்மொழி, முழங்கால் சிராய்த்த பிள்ளையைத் தேற்றுவது எம்மொழி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

சுவீடிய மொழியினருள் பலர் இப்பிரிவை விடாப்பிடியாகக் காத்து வருவது வெறுப்பினால் அன்று. எந்தப் பள்ளி ஆசிரியரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. இருமொழி அறிந்த பிள்ளை ஒன்றும், பெரிய மொழி மட்டுமே அறிந்த பிள்ளை ஒன்றும் பந்து விளையாடப் புகுந்தால், விளையாட்டு பெரிய மொழியில்தான் நடக்கும். வகுப்பறையில் நாற்பது நிமிடம் கற்பித்த சிறிய மொழியை விளையாட்டுத் திடல் பத்து நிமிடத்தில் விழுங்கிவிடும். பாலும் நீரும் கலந்தால் எது எதுவாகும் என்பது அளவைப் பொறுத்தது.

இப்பிரிவுக்கு விலை உண்டு என்பதை அம்மக்களும் மறுப்பதில்லை. ஒரே தெருவில் வளரும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறியாமலே பருவம் எய்துவதுண்டு. நாட்டின் கீழைப் பகுதியில், சுவீடிய ஒலியே காதில் விழாத ஊரில் வாழும் பின்னியச் சிறுவன், "இப்பாடம் எனக்கு எதற்கு?" என்று முணுமுணுப்பதும் உண்டு. பள்ளியிறுதித் தேர்வில் மற்றத் தேசிய மொழி 2005முதல் கட்டாயம் அன்று என்றாகிவிட்டது. சிறிய மொழியினர் இவற்றைப் பகைமை என்று தள்ளாமல் விடை கூறக் கடமைப்பட்டவர்.

விடை ஒன்று வாசாவிலேயே பிறந்தது. கனடா நாட்டு முறையைப் பின்பற்றி, 1987இல் அங்கே மொழிக்குளியல் என்னும் கல்வித்திட்டம் தொடங்கியது. பின்னிய மொழிப் பெற்றோர் தம் பிள்ளைகளை மழலைப் பருவத்திலேயே சுவீடிய மொழிச் சூழலில் விட்டனர். ஒன்றை நோக்குக: பெரிய மொழியின் பிள்ளைகள் சிறிய மொழியில் குளிக்கிறார்கள், அவர்களின் தாய்மொழி அடித்துச் செல்லப்படுவதில்லை. சிறிய மொழியின் பிள்ளைகளைப் பெரிய மொழியில் தள்ளினால், அதற்குப் பெயர் குளியல் அன்று, மூழ்கடிப்பு.

ஆசிரியரை ஆக்கியவர் யார்?

பள்ளி என்பது கூரை அன்று, ஆசிரியர். 1863இல் யுவாஸ்கூலாவில் பின்னிய மொழி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி எழுந்த பத்தாண்டுக்குள், 1873இல், இக்கரையின் சிற்றூராகிய நீகார்லேபியில் சுவீடிய மொழி ஆசிரியர்க்கான பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அதனருகே 1818இல் பிறந்த சக்கரியாசு தொப்பேலியுசு, 1875இல் "நம் நாட்டு நூல்" என்னும் பள்ளி வாசிப்பு நூலைச் சுவீடிய மொழியில் எழுதினார். மறு ஆண்டே அது பின்னிய மொழியிலும் வந்து, தலைமுறை தலைமுறையாக இருமொழிப் பிள்ளைகளும் பயிலும் நூலாயிற்று. பின்னாளில், 1974முதல், ஓபோ அகாதமியின் கல்வித்துறை வாசாவிலேயே ஆசிரியர்களைப் பயிற்றுகிறது. அந்த ஓபோ அகாதமி 1918இல் தோன்றியது பெரிதும் தனியார் நன்கொடையால். 1908இல் நிறுவப்பெற்ற சுவீடியப் பண்பாட்டு நிதியமும் கொடையாளர் பணத்தால் வளர்ந்ததே. வாசா நகரின் சுவீடிய நாளேடாகிய வாசாபிளாடெட் 1856முதல் வெளிவருகிறது. அதனை வாழவைப்போர் அதனை வாங்கிப் படிப்போர்.

1919ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கு முன்னரே இவற்றுள் பெரும்பாலானவை தோன்றிவிட்டன என்பதை மாணவர் குறித்துக்கொள்க. முதலில் கல்லூரி, நாளேடு, நிதியம். அதற்குப் பின்னரே சட்டம்.

உரிமைக்கு ஓய்வு இல்லை

உரிமை எழுதப்பட்ட பிறகும் காவல் வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டு காட்டியது. முழுநேர விரிவான அவசர மருத்துவப் பணியைப் பன்னிரண்டு மருத்துவமனைகளுக்கே வழங்குவது என்று அரசு திட்டமிட்டது. பட்டியலில் வாசா இல்லை. பின்னிய மொழியே வழங்கும் செய்னயோக்கி இருந்தது. நோயில் துடிக்கும் முதியவள் தன் மொழியில் வலியைச் சொல்ல இயலுமா என்பதே மக்கள் எழுப்பிய வினா. பல்லாயிரவர் வாசா மருத்துவமனையருகே திரண்டனர். இருமொழியினரும் அக்கூட்டத்தில் நின்றனர். ஆயினும் அவ்வாண்டிறுதியில் சட்டம் நிறைவேறியது. பின்னர்தான், விடாத முயற்சியால், வாசாவுக்கு அத்தகுதி திரும்பக் கிடைத்தது. அரசியலமைப்பில் பெயர் பொறிக்கப்பட்ட மொழிக்கே இந்நிலை என்றால், பிற மொழிகள் உறங்குவது எங்ஙனம்?

தெற்கே உள்ள நேர்பெஸ் என்னும் சிறு நகர் மற்றொரு பாடம் புகட்டுகிறது. அது தக்காளி விளையும் கண்ணாடிக் குடில்களுக்குப் பெயர்பெற்றது. வியட்நாமிலிருந்தும் போஸ்னியாவிலிருந்தும் வந்தோர் அங்கே குடியேறி உழைக்கின்றனர். அவர்கள் கற்றது எம்மொழி? நாட்டின் பெரிய மொழியை அன்று. அவ்வூரார் பேசும் சுவீடிய மொழியையே. கடையிலும் களத்திலும் பள்ளியிலும் ஒரு மொழி கூசாமல் பேசப்பட்டால், வந்தேறியும் அதனைக் கற்பான். பேசுவோரே கூசினால், சொந்தப் பேரனும் கல்லான்.

நிலமும் மொழியும்

அக்கடற்கரையில் நிலம் தானே உயர்கிறது. உழுவார் வேண்டா, காப்பார் வேண்டா, ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர், உறங்கினாலும் உயரும். மொழியும் அவ்வாறே என்று மயங்குவோர்தாம் பெயர்ப்பலகையைப் படமெடுத்து வந்து பெருமை பேசுகின்றனர். மொழி அத்தகையது அன்று. அது ஆண்டுதோறும் ஏழு வயதுப் பிள்ளை ஒருவனைக் கைபிடித்து அழைத்து வந்து, பள்ளி வாயிலில் விடும் பெற்றோரால் உயர்வது. ஓராண்டு அவர்கள் வாராதொழிந்தால் ஒரு வகுப்பு வெறுமையாகும். ஆறாண்டு வாராதொழிந்தால் ஒரு பள்ளி மூடப்படும். பள்ளி மூடிய ஊரில் பலகை யாருக்கு?

இனி அந்நாட்டுக்குச் செல்வோர் செல்க. பாலத்தையும் தீவுகளையும் கண்டு மகிழ்க. ஆனால், காலையில் மணியடிக்கும் நேரத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் முன்னும் சிறிது நிற்க. உள்ளே நுழையும் பிள்ளைகளை எண்ணுக. அம்மொழியின் சட்டம், வரலாறு, எதிர்காலம் அனைத்தும் அந்த எண்ணிக்கையில் அடங்கியுள்ளன. அவ்வெண்ணைக் கணக்கிட அயல்நாட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. சிறிய மொழியில் பாடம் சொல்லும் ஒவ்வோர் ஆசிரியரும், ஆண்டின் முதல் நாளில், தம் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திறந்து அதனைப் படித்தறியலாம்.